பேர் இல்லாத நாள்

கடை போடும் யோசனை எப்படி வந்தது என்று என்னைக் கேட்கிறார்கள். யோசனையாம், மண்ணாங்கட்டியாம்! வந்தது வயிற்றெரிச்சல். பதுளையில் இன்று அப்பக்கடை வைத்திருப்பவள், உடுப்புத் தைத்து விற்பவள், மிளகாய்த்தூள் இடித்து விற்பவள் என்று நாலைந்து பெண்களை எனக்குத் தெரியும். அவர்களில் எவளைக் கேட்டாலும், முதலில் யாரோ ஒருத்தன் அவளை "போடி" என்று விரட்டியிருப்பான். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்குக் கொழுந்தன். நான் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என்னை விரட்டியவன் எனக்கு மாமன் முறை.

அப்போது நாங்கள் நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம். தேயிலைப் பெட்டிகளை மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பண்டாரவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள். திரும்பும்போது அதே வண்டிகளில் அரிசி மூட்டை வரும். நான், என் புருஷன், ஒரே மகள், மூவரும் லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், குடியிருந்தோம்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் தாய் தகப்பன் வைத்த பேர் இல்லை. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். சொன்ன அளவு கொழுந்து பறித்தால் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப்பேர். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்குப் பேரே இல்லை, வந்த வழியைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பேரிலும் ஒரு கூத்து உண்டு. என் பேருக்கான சம்பளத்தை வாங்குவது நான் இல்லை. சம்பள நாளில் பெண்டாட்டிகளின் காசைப் புருஷன்மார் கையில் கொடுப்பதுதான் தோட்டத்து வழக்கம். மழையில் நனைந்தது என் உடம்பு, அட்டை கடித்தது என் கால், காசுக்கு நீண்டது மட்டும் அவன் கை. எந்தச் சாமி எழுதி வைத்த சட்டமோ தெரியவில்லை.

எங்கள் கங்காணியும் நாங்களும் ஒரே ஊர்க்காரர்கள். அவர்தான் எங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். "மாமா இருக்கேன்ல, வாங்க" என்று ஊரில் வைத்துத் தேனாகப் பேசிய வாய், தோட்டத்துக்கு வந்ததும் வேறு வாயாகிவிட்டது. தனக்குக் கீழே வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் துரையிடமிருந்து அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆனாலும் எவளாவது வாய் திறந்தால், தலைக்காசு போனாலும் பரவாயில்லை என்று நாலு நாள் விரட்டி அடிப்பார். பட்டினி கிடந்தால் காலில் விழுவாள் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆட்கள் கூடையோடு நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"என்ன, மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சிச்சா?" என்றார் கங்காணி.

"புள்ளைக்குக் காய்ச்சல் மாமா. மருந்து குடுத்துட்டு ஓடியாறேன்."

"பெரட்டு முடிஞ்சிருச்சு. இன்னைக்கு ஒனக்குப் பேரு இல்ல. போ."

"இன்னும் யாரும் மலைக்கே ஏறலையே மாமா, அந்தா நிக்கிறாங்க பாருங்க."

"எதுத்தா பேசுற? நாளைக்கும் பேரு இல்ல."

சொன்னபடியே மறுநாளும் விரட்டினார். அதற்கும் மறுநாள், மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இருட்டிலேயே எழுந்து, மத்தியானத்துக்குக் கேப்பை ரொட்டி சுட்டுத் துணியில் கட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். அந்த மனுஷன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு வேலை சொன்னார், அந்தப் பக்கம் நின்றவளுக்கு வேலை சொன்னார். என்னை நடுவில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டார். என் புருஷனும் அந்த வரிசையில்தான் நின்றான். தலையைக் குனிந்துகொண்டு, செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையேறிப் போனான். கங்காணி செய்ததைவிட அதுதான் என் வயிற்றை எரித்தது.

லயத்துக்குத் திரும்பினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். நான் ஏன் அழ வேண்டும்? கால் போன போக்கில் வண்டி ரோட்டுப் பக்கம் இறங்கினேன். தோட்டத்து எல்லை முடிகிற இடத்தில் ஒரு பீலி இருக்கிறது. மூங்கிலைச் செருகி ஊற்றுத் தண்ணீரை விழ விட்டிருப்பார்கள். வண்டிக்காரர்கள் அங்கேதான் மாட்டை அவிழ்த்துவிட்டு இளைப்பாறுவார்கள். அந்த இடம் ஒரு சிங்களப் பெண்ணுடையது. அவள் தன் நிலத்துக் கேப்பையை, அவர்கள் அதைக் குரக்கன் என்பார்கள், சாக்கில் கட்டி ரோட்டோரம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். ஒருத்தன் வாங்கிக்கொண்டு காசு கொடுத்தான். அவள் அதை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, யாருக்கும் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வயதான ஒரு முஸ்லிம் வண்டிக்காரர், அவர்களை நாங்கள் நானா என்போம், என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, பொட்டணத்துல என்ன?"

"ரொட்டிங்க நானா. தேங்காச் சம்பலும் இருக்கு."

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. தாறீங்களா?"

கொடுத்தேன். தின்றுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டு ஒரு காசை நீட்டினார். "வேணாங்க" என்றேன். பசிக்குக் கொடுத்ததற்குக் காசு வாங்கி எனக்குப் பழக்கம் இல்லை.

அவருக்கு வந்ததே கோபம்! "வேணாம்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது? புடிங்க."

காசை வாங்கினேன். பேர் போட ஆள் இல்லை, கை நீட்டப் புருஷன் இல்லை. நான் சுட்டதற்கு என் கையில் விழுந்த முதல் காசு. சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருஷம் எதற்காக அந்த மலையில் நனைந்தேன் என்று ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடு சிங்களத்து அக்காவிடம் போய்க் காசை நீட்டிக் குரக்கன் வாங்கினேன்.

மறுநாள் பீலியடியில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். அக்காவுக்குப் பாதித் தமிழ் தெரியும், எனக்குக் கால் சிங்களம் தெரியும். மிச்சத்தைக் கையாலும் சிரிப்பாலும் பேசிக்கொண்டோம். ரொட்டியும் சம்பலும் கொடுத்தேன். குடிக்கக் கொத்தமல்லித் தண்ணீர். தேத்தண்ணி இல்லையா என்று கேட்காதவர் இல்லை. எப்படிப் போடுவேன்? நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கை இது. இந்தக் கை ரோட்டில் தேயிலையைக் கொதிக்க வைத்தால் திருடி என்று கட்டிவைத்து விடுவார்கள். கொத்தமல்லிக்கு எந்தத் துரையும் சொந்தம் கொண்டாட மாட்டான்.

சிலர் உட்காரும் முன்னே, "நீ என்ன ஆளுங்க?" என்று சாதி கேட்டார்கள். "பசிச்ச ஆளுக்குச் சுட்டுப் போடுற ஆளுங்க" என்பேன். எழுந்து போனவர்கள் உண்டு. போகட்டும், குடிமுழுகிவிடவில்லை. மேடேறி வந்த வயிறு எத்தனை நாளைக்குச் சாதி பார்க்கும்? பிறகு அவர்களே வந்தார்கள்.

புருஷன் ஒரு நாள் வந்து கையை நீட்டினான். சம்பள நாளில் நீட்டுவானே, அதே மாதிரி. நான் ஒரு ரொட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

கங்காணி முதலில் கண்டுகொள்ளவில்லை. இன்னும் இரண்டு நாளில் வருவாள் என்று இருந்தார். நான் போகவில்லை. லயத்தில் வேறு இரண்டு பெண்கள், "நாங்களும் அங்க வந்து கடலை அவிச்சு விக்கலாமாக்கா?" என்று கேட்டது அவர் காதில் விழுந்தபோதுதான் தீயை மிதித்தவர் போல ஓடிவந்தார். என் புருஷனையும் கூடவே இழுத்து வந்தார். நாலைந்து வண்டிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வெளையாட்டெல்லாம் போதும். நாளைக்குப் பெரட்டுக்கு வந்துரு."

"எனக்குத்தான் பேரு இல்லையே மாமா."

"யாரு சொன்னா? ஒம் பேரு எங்கிட்ட இருக்கு. வராட்டி ஓடிப்போன ஆளுன்னு பொலிசுல புடிச்சுக் குடுப்பேன். பதுளை ஜெயில்ல போயி ரொட்டி சுடு."

பொய் சொல்லவில்லை, பயந்துதான் போனேன். தோட்டத்தை விட்டு ஓடியவர்களைப் பிடித்து அடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வாய் அடங்கவில்லை.

"ஊருசனம் பாக்க பேரு இல்லன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு நாளா, ரெண்டு நாளா? பேரே இல்லாதவ எங்கிருந்து மாமா ஓடுவா?"

வண்டிக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்த நானா ரொட்டியை மென்றபடியே, "கங்காணியார், தொரைகிட்ட எதச் சொல்லப் போறீங்க? பேரு இருக்குன்னா, இல்லன்னா? ஒண்ணச் சொல்லுங்க, நாங்களும் சாட்சிக்கு வாறோம்" என்றார்.

கங்காணியின் முகம் கறுத்தது. உடனே குரலை மாற்றிக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாமே, அந்தக் குரல்.

"சரி, நீ நம்ம வீட்டுப் புள்ள. நான் என்ன கெட்டவனா? கடைய நீயே வச்சுக்க. ஒனக்குப் பதிலா ஒம் மகளுக்கு நாளைலேருந்து அரைப்பேரு போட்டுர்றேன். கூடை தூக்குற வயசுதான?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. மகள் என்னைத்தான் பார்த்தாள், தகப்பனைப் பார்க்கவில்லை.

என் புருஷன் அப்போதுதான் வாயைத் திறந்தான். திறக்காமலே இருந்திருக்கலாம். "சரின்னு சொல்லு புள்ள. லயத்த விட்டுத் தொரத்திட்டா எங்க போறது?"

அடப்பாவி! பெற்ற பிள்ளையைக் கொடுத்து ஒரு காம்பராவைக் காப்பாற்றப் பார்த்தான். நான் பறித்த அத்தனை வருஷத்தையும் இனி அவள் பறிக்க வேண்டுமா? அவள் கைக்கு வரும் காசையும் இதே கை வாங்க வேண்டுமா? ரொட்டி தட்டிய மாவுக் கையோடு எழுந்தேன்.

"அவளுக்குத் தொட்டில்ல போட்ட அன்னைக்கே முழுப்பேரா நான் வச்சிட்டேன் மாமா. ஒங்க அரைப்பேரு எம் மகளுக்கு வேணாம். பொலிசக் கூட்டிட்டு வாறதுன்னா வாங்க, எங்கள ரெண்டு பேரையும் சேத்தே புடிச்சிட்டுப் போகட்டும்."

கங்காணி துப்பிவிட்டுப் போனார். அன்று பொழுது சாயும் முன்னே எங்கள் சட்டி பானையெல்லாம் லயத்து வாசலில் கிடந்தன. புருஷன் லயத்திலேயே தங்கிவிட்டான். கெஞ்சிக் கூத்தாடி அந்தக் காம்பராவைத் தனக்கு வாங்கிக்கொண்டான் என்று பிறகு சொன்னார்கள். எங்களுக்குச் சிங்களத்து அக்கா குரக்கன் தட்டை போட்டு வைக்கும் குடிசையை ஒழித்துக் கொடுத்தாள். பொலிஸ் வரும் வரும் என்று காக்கிச்சட்டை கண்ட போதெல்லாம் மகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறேன். வரவில்லை. பேர் இருக்கு, இல்லை என்ற இரண்டில் எதையும் கங்காணியால் துரையிடம் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

குடிசை வாசலில் பலகை போட்டோம், வாழையிலை நறுக்கில் பரிமாறினோம். மகள் ஒரே ஒரு சட்டம் போட்டாள்: சாப்பிட்டவர் இலையைச் சாப்பிட்டவரே எடுத்துக் குழியில் போட வேண்டும். "ஊரு எச்சிலைய நாம ஏன் எடுக்கணும்மா?" என்றாள். எந்தச் சாதியாக இருந்தாலும், எத்தனை வண்டி வைத்திருந்தாலும், இலை எடுக்காமல் எழுந்திருக்க முடியாது. முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

அந்த வருஷத் தைப்பொங்கல் கழித்து ஒரு நாள் என் புருஷன் வந்தான். வேட்டி வெளுத்துக் கட்டி, தோட்டத்து ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்து நடுப்பலகையில் உட்கார்ந்தான். மகள் மூன்று பேருக்கும் இலை போட்டாள். நன்றாகத் தின்றான். புதிதாக வந்த வண்டிக்காரர் ஒருவர் இடத்துக்காக நின்றுகொண்டு, "இது யாரு கடைங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

"நம்மளதுதான். பொம்பளைங்கள வச்சு நடத்துறேன்" என்றான் என் புருஷன்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அகப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்கத்தான் எழுந்தேன். அதற்குள் மகள் அவன் எதிரில் போய் நின்றுவிட்டாள்.

"அப்பா, சாப்பிட்டாச்சுன்னா எலைய எடுங்க."

"யாரு, நானாடி?"

"ஆமாப்பா. கடைக்குச் சாப்பிட வாறவங்க எல்லாரும் எடுக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் அகப்பையோடு அடுப்படிக்குத் திரும்பினேன். கூட வந்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் தங்கள் இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்கள். கடைசியில் அவனும் மடித்து எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போனான்.

மகள் பலகையை ஈரத்துணியால் துடைத்தாள். நின்றுகொண்டிருந்த வண்டிக்காரரைப் பார்த்து, "எடம் காலியாயிருச்சுங்க, உக்காருங்க" என்றாள்.