மூன்று நாள் தியானமும் ஒரு ஹால் டிக்கெட்டும்

அம்மா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவைப் பற்றி நல்லதை மட்டுமே எதிர்பார்ப்பீர்கள். நான் எழுதியதைப் படித்த அண்ணன், "இதெல்லாம் அச்சுல வரணுமா?" என்று கேட்டார். வரத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, இப்போதும் எனக்கு உள்ளூர உதறல்தான். சிறுவயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பார்.

அம்மா பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எட்டு வயதில் தாயை இழந்து, கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியையானார். பொன்மலை ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா காலமானபோது எனக்குப் பத்து வயது. அதன்பின் எங்கள் இருவரையும் தனியாக வளர்த்தார். எழுபதுகளில் பாலக்கரைப் பக்கம் இருந்த ஒரு திருச்சபைப் பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையானார். கண்டிப்பானவர். அவர் காலடிச் சத்தம் கேட்டாலே ஆசிரியைகளும் எழுந்து நிற்பார்கள்.

பதவி வந்த பிறகு தன் ஜெபம் குறைந்துவிட்டது, கோபம் கூடிவிட்டது என்ற உறுத்தல் அம்மாவுக்கு இருந்தது. தவக்காலத்தில் பள்ளித் தலைவர்களுக்கென நடக்கும் மூன்று நாள் மௌன தியானத்துக்கு ஓர் ஆண்டு தானாகவே பெயர் கொடுத்தார். வெள்ளி முதல் ஞாயிறு வரை தியானம்; திங்கள் காலை எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு. "பரீட்சைக்குப் போற பிள்ளைங்களுக்காக ஜெபிக்கத்தான் போறேன். என்ன ஆனாலும் என்னைத் தேடி வரக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அன்று மாலையே ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாயகி என்ற மாணவியும் அவள் தாயாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தாயார் கோயில் வாசலில் பூ விற்பவர், கணவர் இல்லை. சிறப்பு வகுப்புகளுக்கு ரங்கநாயகி சரியாக வராததால், தாயாரை அழைத்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அவள் ஹால் டிக்கெட்டை மட்டும் அம்மா நிறுத்தி வைத்திருந்தார். பிறகு அதை மறந்தேபோனார். ஹால் டிக்கெட் பள்ளியில், அம்மாவின் மேசை இழுப்பறைக்குள். சாவியோ அம்மாவின் கைப்பையில்.

"திங்கக்கிழமை இவ பரீட்சை எழுதலைன்னா குளித்தலைக்கு அனுப்பிடுவேன். எங்கண்ணன் மகனுக்குப் பேசி முடிச்சுடுவேன்" என்றார் தாயார். ரங்கநாயகி அழக்கூட இல்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

பள்ளி எழுத்தர் சேவியர் அண்ணனிடம் ஓடினேன். பூட்டை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். "அம்மா சொல்லாம நான் தொடமாட்டேன் பாப்பா, என் வேலை போயிடும்" என்றார். அவரும் என்னைப் போலவே அம்மாவுக்குப் பயந்தவர்.

சனிக்கிழமை பஸ் ஏறித் திருவெறும்பூர் பக்கம் இருந்த தியான இல்லத்துக்குப் போனேன். வாசலில் இருந்த சிஸ்டர், விஷயத்தை எழுதி நான் நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டு, "தியானம் முடிஞ்சதும் குடுத்துடறேன்மா" என்றார். அவசரம் என்று கெஞ்சியும் பலனில்லை. கம்பிக் கதவுக்கு அப்பால் அம்மா ஜெபமாலையோடு நடந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் மேல் அப்படியொரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

ஞாயிறு மதியம் சீட்டு அம்மாவின் கைக்குப் போனது. நேரே பள்ளிக்குப் போய் இழுப்பறையைத் திறந்து, என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினார். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ரங்கநாயகி குளித்தலைக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்பதே என் நினைப்பாக இருந்தது.

அவள் இருந்தாள். துணி அடுக்கிய டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க சாமிகிட்ட வேண்டிக்கப் போனீங்களே டீச்சர், எம் பொண்ணு சீட்டைப் பூட்டி வச்சுட்டா போவீங்க?" என்றார் தாயார்.

"தப்பு என்னோடதுங்க" என்றார் அம்மா. ஹால் டிக்கெட்டை ரங்கநாயகியின் கையில் கொடுத்தார்.

ரங்கநாயகி தேர்வு எழுதினாள். கணக்கில் தவறினாள். அந்த மூன்று நாள்தான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா மட்டும் அதுதான் காரணம் என்றார். யாராவது கேட்டால் சாவி தொலைந்துபோனதாகச் சொல்லிவிடும்படி பள்ளித் தாளாளராக இருந்த சுவாமியார் ஆலோசனை சொல்லியும், பள்ளி திறந்த அன்று காலை வழிபாட்டில் எல்லார் முன்னிலும் நடந்ததைச் சொன்னார். "கேட்ல என் மகளைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் திரும்பினேன். அதைப் பக்தின்னு நெனைச்சேன்" என்றார். அதே பள்ளி மாணவியாகப் பின்வரிசையில் நின்றிருந்த என் ஆத்திரமும் அங்கேயே போய்விட்டது.

அன்று முதல் அந்த இழுப்பறை பூட்டப்படவில்லை. சேவியர் அண்ணன் அனுமதி கேட்காமல் அம்மாவின் அறைக்குள் போகத் தொடங்கினார். சனிக்கிழமைதோறும் அம்மா ஸ்ரீரங்கம் போய் ரங்கநாயகிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்டோபர் மறுதேர்வில் அவள் தேறினாள். குளித்தலைப் பேச்சு அத்தோடு நின்றது.

கடைசி ஆறு மாதம் புற்றுநோய் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது. தில்லை நகர் மருத்துவருக்கும், முறை வைத்து உடனிருந்த ஆசிரியைகளுக்கும், அடக்கத்தன்று எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்த சேவியர் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் கண்டிப்பால் மனம் நொந்தவர்கள் இருப்பீர்கள். அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்கப் போன முதல் மூன்று சனிக்கிழமையும் ரங்கநாயகியின் தாயார் கதவைத் திறக்கவில்லை. அம்மா புத்தகத்தோடு தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினார். நான்காவது சனிக்கிழமை கதவு திறந்தது. "வெயில்ல எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க, உள்ள வாங்க டீச்சர்" என்றார் அந்தத் தாயார். அந்தத் தியானத்தில் அம்மா செய்த ஜெபத்துக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. அவருக்கு எங்கள் நன்றி.