நான் சொன்ன பொய்ச் சாட்சியும் என் அக்காளும்

தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு குற்றாலத்திலிருந்து தென்காசியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சாரல் விடவில்லை. எதிரே அருவிக்குப் போகிறவர்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஒரு பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருகிறாளோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அணா போய்ப் புதுப் பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எனக்கு இருபது வயது. நான் போய்க்கொண்டிருந்தது என் அக்காளிடம்.

அந்த அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் எழுதுவதற்குக் குடும்பத்தில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓர் ஊரில் தரித்து இருந்தவனும் அல்ல. ஆனால் அக்காளைப் பற்றி எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் நானும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் எழுதுகிறேன்.

அக்காள் பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் பிறந்தார்கள். தகப்பனார் சந்தையில் மூட்டை தூக்கியவர். எனக்கு நான்கு வயதில் கடுங்காய்ச்சல் கண்டபோது, பிழைத்தால் இந்தப் பிள்ளையை ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று அம்மா ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணினார்கள். நான் பிழைத்தேன். அடுத்த வருஷம் பேதியில் அம்மா இறந்தார்கள். தகப்பனாரும் நெடுநாள் இருக்கவில்லை. பதினான்கு வயது அக்காளின் கையில் நானும் அந்தப் பொருத்தனையும் இருந்தோம். தென்காசியில் ஒரு பெண்கள் போர்டிங்கில் அக்காள் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவன உபதேசியார் ஆக்கிட்டுப் பாப்போம்" என்று சொல்லிச் சொல்லியே வயது போயிற்று. பள்ளிக்கூடத்தைவிட்டு மூன்று தடவை ஓடினேன். மூன்று தடவையும் தேடிப் பிடித்துவந்தார்கள். கடைசியில், யாரையோ கெஞ்சி, உபதேசியார் பயிற்சியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

பயிற்சியில் ஒவ்வொருவரும் சாட்சி சொல்லவேண்டும். அதாவது, இயேசு தன்னை எப்படிச் சந்தித்தார் என்று எல்லோர் முன்னும் எழுந்து சொல்லவேண்டும். ஒருவன் குடியை விட்ட கதை சொன்னான். ஒருவன் கிணற்றில் விழுந்து பிழைத்ததைச் சொன்னான். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து பிழைத்தேன் என்று முதல் தடவை சொன்னேன். யாரும் அசையவில்லை. அடுத்த தடவை, வெள்ளை உடுப்போடு இயேசு கட்டிலருகே நின்றார் என்றேன். பின்பொரு தடவை, அவர் என் நெற்றியில் கை வைத்தார், அந்தக் கை குளிர்ந்திருந்தது என்றேன். அதைக் கேட்டு ஆசிரியரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு மாற்றிச் சொல்ல முடியவில்லை.

சீசன் சமயத்தில் எங்களைக் குற்றாலத்துக்குத் தெருப் பிரசங்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். சாயங்காலம் அருவிக்குப் போகும் பாதையின் முக்கில் நான் சாட்சி சொன்னேன். பலர் அழுதார்கள். சாப்பாட்டுக் கடையில் மாவு ஆட்டுகிற ஒரு பெண், காய்ச்சலில் துவண்டு கிடந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். கை வைத்து ஜெபித்தேன். அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியது. ஆமென் சொன்னதும் அவள் மடியிலிருந்து ஆஸ்பத்திரி மருந்துக் குப்பியை எடுத்து, மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க ஓடையில் கொட்டினாள். கூட்டம் ஸ்தோத்திரம் என்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போர்டிங் அடுக்களையில் அக்காள் அரிசி களைந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே, பெட்டியும் கையுமா வந்து நிக்கே? லீவு விட்டுட்டாவளா?"

"இல்லக்கா. வந்துட்டேன்."

"தொரத்திட்டாவளா?"

"நானாத்தான் வந்தேன்."

"மூஞ்சி ஏன் நனஞ்ச கோழி மாதிரி இருக்கு? உக்காரு. காப்பியக் குடிச்சிட்டுச் சொல்லு."

குடிக்காமலே சொன்னேன். பொருத்தனையை முறித்துவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்காள் வேறொன்றைக் கேட்டார்கள்.

"அவ மருந்தக் கொட்டயில நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"ஆமாக்கா."

"வாயத் தொறக்கல?"

"எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. பயமா இருந்துச்சு."

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தெரியாது."

"தெரியாதா!" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்றும் பதில் தேடுகிறேன். களைந்த அரிசியைத் தன்னோடு வேலை செய்தவளிடம் ஒப்படைத்துவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

குற்றாலம் போகும் பஸ்ஸில் ஏறினோம். இறங்கும்போது அக்காள், "குளுந்த கையின்னு சொன்னியே, அது நாந்தாம்லே. ஈரத்துணி போட்டுப் போட்டு வெறச்சுப் போன கை. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றார்கள்.

கடையின் பின்னால், தகரத்தால் சாய்ப்பு இறக்கிய ஓர் அறையில் அந்தப் பெண் இருந்தாள். புருஷன் மலைத் தோட்டத்து வேலைக்குப் போனவன், திரும்பவில்லை. என்னைக் கண்டதும் கும்பிட்டாள்.

"வந்துட்டியளா ஐயா! விடிய விடிய ஸ்தோத்திரம் சொன்னேன். சூடு கூடுதே தவிர கொறையல. எனக்கு விசுவாசம் பத்தலியோ?"

அக்காள் எதையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போவோம், வா" என்றார்கள். வாசலில் ஒரு குதிரை வண்டி கிடைத்தது. பெண்களும் பிள்ளையும் உள்ளே, நான் பின்னால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பாதி வழியில் அக்காள், "இப்பச் சொல்லு" என்றார்கள்.

"ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டு..."

"அங்கன போனதும் என்ன மருந்து குடுத்தியன்னு கேப்பாவ. அப்ப இவதான் ஏச்சு வாங்குவா. அதுக்கு முந்தி இவளுக்குத் தெரியணும். சொல்லுலே."

சொன்னேன். வெள்ளை உடுப்பும் குளிர்ந்த கையும் நானாகச் சேர்த்தது என்றேன். காய்ச்சல் வந்தது மட்டும் நிஜம் என்றேன்.

வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏ தம்பி, நானும் கேட்டேன் ஓங் கதைய. அழுத அழுகைல குதிரைக்குத் தண்ணி காட்ட மறந்துட்டேன். பொய்யாலே அம்புட்டும்?"

அந்தப் பெண் என்னை ஏசவில்லை. பிள்ளையின் முகத்தில் சாரல் படாமல் முந்தானையை இழுத்துவிட்டாள். பிறகு அக்காளிடம், "ஒங்க சாமி இதுக்காவ எம் பிள்ள மேல கோவப்படுவாராக்கா?" என்று கேட்டாள்.

"கோவம்னா இவன் மேலதான். பிள்ள மேல என்ன கோவம்? பிள்ளைன்னா அவருக்கு உசுரு" என்றார்கள் அக்காள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கோபித்தார்கள். மருந்து எங்கே என்று கேட்டபோது நான் முன்னால் போய், "என்னாலதான் கொட்டிட்டாங்க" என்றேன். விஷக் காய்ச்சல், பல நாள் படுக்கையில் இருக்கவேண்டும், இப்போது எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். வராந்தாவில் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது.

"கடை அண்ணாச்சிகிட்டச் சொல்லாம வந்துட்டேனே. சீசன் நேரம். நாளைக்கு நான் போவலன்னா வேற ஆளப் போட்டுருவாரு. அப்புறம் அந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லுவாரு."

அக்காள் என்னைத் தனியே அழைத்தார்கள். நான் முந்திக்கொண்டு, "பயிற்சிக்கே திரும்பிப் போயிருதேன்க்கா. அம்மா பொருத்தனை இருக்கே" என்றேன்.

"இயேசு நமக்குப் பதிலா நின்னாருன்னு சொல்லத்தானலே ஒன்ன அனுப்புனேன்? மொதல்ல நீ இவளுக்குப் பதிலாப் போய் நில்லு. நான் போனா போர்டிங்குல நாப்பது பிள்ளைய பட்டினி கெடக்கும். பொருத்தனைய நான் ஆண்டவர்கிட்டப் பேசிக்கிடுதேன்."

அந்தப் பிள்ளை பிழைத்தாள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது. அத்தனை நாளும் அக்காள் அடுக்களை வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், தாயைச் சற்றுத் தூங்கச் சொல்லிவிட்டு ஈரத்துணி போட்டார்கள். என் ஜெபத்தால் பிழைத்தாள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் வியர்க்கும்.

அக்காளுக்கு இயேசு யார் என்று கேட்டால், வேலைக்கு நடுவே கூடவே நிற்கிறவர். உப்புப் பார்ப்பதுபோல அவரிடம் அடிக்கடி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். எனக்கு அவர் அப்படி இல்லை. புனலூரில் மரம் அறுத்தபோதும், வடகரையில் தேங்காய் உரித்தபோதும், வேலையைவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தபோதும், அவரைப் பற்றி இல்லாததைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தே இருந்தேன். அந்தப் பயத்தையும் அவரிடம்தான் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்ல வேறு ஆள் இல்லை. விசுவாசம் என்பது இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காளிடம் ஒருமுறை கேட்டேன். "இருக்கிறத வச்சு ஜெபம் பண்ணு" என்று மட்டும் சொன்னார்கள்.

கடைசி இரண்டு மாதம் அக்காள் படுக்கையில் இருந்தார்கள். நான் வந்து சேர்ந்தபோது நினைவு தெளிவாக இருந்தது. "லே, அன்னைக்கு நான் ஒன்ன விட்டது சரிதானா? அங்கன போனா அம்மா கேப்பாளே, என்ன சொல்லுவேன்?" என்றார்கள். ஊழியத்துக்குக் கொடுத்த பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டோமோ என்ற கவலையை இத்தனை வருஷமும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் அறிந்தேன். காலைப் பிடித்துவிட்டேன்.

நன்றி சொல்லவேண்டும். தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தறிக்கார பாய் குடும்பத்துக்கும், அக்காள் தூங்கும் நேரத்தில் தறியை நிறுத்திவைத்த அவர்கள் பிள்ளைகளுக்கும். பாட்டுப் பாடி ஜெபித்த சபைப் பெண்களுக்கும். சோறு போட்ட கையைப் பார்க்கவேண்டும் என்று தூரத்து ஊர்களிலிருந்து வந்த பழைய போர்டிங் பிள்ளைகளுக்கும். மழையில் சவப்பெட்டியைச் சுமந்தவர்களுக்கும். அடக்க ஆராதனை நடத்திய சபைப் போதகர் ஐயர் அவர்களுக்கும். யாரையாவது விட்டிருந்தால் அது என் மறதி. அக்காள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி, ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நாளுக்கு மறுநாள் காலையைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

பலபலவென்று விடியும்போது சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் போய் நின்றேன். கடை அண்ணாச்சி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"யாருலே நீ?"

"மாவாட்டுத அக்காவுக்குப் பதிலா வந்திருக்கேன் அண்ணாச்சி. பிள்ள ஆஸ்பத்திரில கெடக்கு."

"முந்தாநாள் முக்குல நின்னு பிரசங்கம் பண்ணுன பயல்லா நீ? ஆம்பள ஆட்டுன மாவுன்னா தோசைக்கு மீசை மொளச்சிராதாலே?"

பந்தி விசாரிக்கிறவர்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை.

"அவுங்க வந்ததும் எந்திரிச்சிருவேன். வேற ஆளப் போட்டுராதிய அண்ணாச்சி."

அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரிசியும் உளுந்தும் ஊறிக் கெடக்கு. மத்தியானத்துக்குள்ள ஆட்டி முடிக்கணும். கையக் கழுவிட்டு உக்காரு."

ஆட்டுக்கல்லின் முன்னால் அவள் போட்டிருந்த சாக்கில் உட்கார்ந்தேன். முதல் சுற்றிலேயே அரிசி வெளியே தெறித்தது. பாதையில் என் கூடப் படித்தவர்கள் பாடிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. என்னைத்தான் தேடுகிறார்களோ என்று தோன்றியது. எழுந்திருக்கவில்லை. இடது கையால் அரிசியை உள்ளே தள்ளிவிட்டு, வலது கையால் குழவியைச் சுற்றினேன்.