குழாய்க்குள் இழுத்த வலை

கோழிகளுக்குத் தண்ணீர் போகும் அந்த வெள்ளைக் குழாயின் மூடியைத் திருகி விரலை உள்ளே விட்டபோது, விளக்கெண்ணெயைத் தொட்டதுபோல ஒரு வழுவழுப்பு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளே, எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அன்று தெரிந்துகொண்டதை உங்களுக்காக எழுதுகிறேன்.

எண்ணூருக்கு அப்பால் ஒரு கோழிக் கொட்டகையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு தடவை இறக்கிய குஞ்சுகள் கழிச்சல் கண்டு செத்தன. மருந்து கொடுத்தால் நாலு நாள் தெளியும், பிறகு மறுபடி சுருண்டுவிடும். மூன்றாம் தடவையும் இப்படியானால் கொட்டகையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். என்னையும் சேர்த்து ஆறு குடும்பங்களின் பிழைப்பு அது. கால்நடை மருத்துவர் தண்ணீரைக் கவனிக்கச் சொன்னார். ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த தொட்டியை நான் பெருமையாகக் காட்டினேன்.

அப்போது எங்களிடம் காசிமேட்டுத் தோஸ்து ஒருவன் வேலை செய்தான். விசைப்படகுக்காரன், மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கொட்டகைக்கு வருவான். அவன்தான் கேட்டான்: "டேங்க் பளபளன்னுதான் கீது மாமு. அங்கேர்ந்து வர்ற குழாய்க்குள்ள இன்னா கீதுன்னு பாத்தியா?"

பார்த்ததில்லை. மூடியைத் திறந்தது அதன் பிறகுதான். லாரியில் களைத்து வரும் குஞ்சுகளுக்கு முதல் நாள் இதே குழாயில்தான் வெல்லத் தண்ணீர் விடுவேன் என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். "குஞ்சுக்கு ஊத்துனியா, பாசிக்கு ஊத்துனியா?"

மருத்துவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார். கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, பசை போல ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடியிருக்குமாம். வெல்லம் அவற்றுக்குச் சாப்பாடு. நாம் ஊற்றும் மருந்து மேலோடு போய்விடும். தோஸ்துக்கு இது புதிதல்ல. கரையேற்றிய படகின் அடியில் பாசியைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் நிற்காது என்பது அவன் கைகண்ட விஷயம். "மொதல்ல சொரண்டு, அப்பால மருந்து ஊத்து" என்றான்.

கொட்டகை காலியாக இருந்த நாட்களில் ஆரம்பித்தோம். கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். தோஸ்து நைலான் நூலில் தெர்மாகோல் துண்டைக் கட்டித் தண்ணீரோடு குழாய்க்குள் ஓடவிட்டான். அது மறுமுனையில் வந்ததும் நூலில் பழைய வலையைச் சுருட்டிக் கட்டி இழுத்தோம். பழுப்பாக, சளி சளியாக வந்தது. நாற்றம் தாங்கவில்லை. வலை சுத்தமாக வரும்வரை இழுத்தோம். பிறகு மருத்துவர் தந்த திரவத்தை நிரப்பி, ஒரு நாள் ஊறவைத்து, நல்ல தண்ணீரால் அலசினோம். ஒவ்வொரு குழாயாக இப்படியே செய்துகொண்டு போனோம்.

இரண்டு குழாய்கள் பாக்கி இருக்கும்போது முதலாளி போன் செய்தார். காலையில் குஞ்சு வருகிறதாம். அவரிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "ரெண்டு நாள் குடுங்க சார். அதுக்கப்புறமும் செத்தா நானே பூட்டு போட்டுச் சாவியக் குடுத்துடறேன்." பக்கத்தில் தோஸ்து இழுப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தான். கடைசியில் சரி என்றார் முதலாளி.

அந்தக் குஞ்சுகள் வளர்ந்தன. இப்போது வெல்லத் தண்ணீர் தனிக் கிண்ணத்தில்தான். கொட்டகை காலியானதும் முதலாளியே போன் செய்கிறார். குஞ்சு எப்போது அனுப்பட்டும் என்று என்னைக் கேட்கிறார். கடைசிக் குழாயையும் கழுவி முடிக்காமல் நான் தேதி சொல்வதில்லை.