பிரசாத் நீக்கிய வரி

கம்ப்யூட்டர் போர்டுகளை உயிர்ப்பித்து ஓட வைப்பதுதான் அடி அண்ணாமலை ஊர்க்காரி சிந்துஜாவின் பிழைப்பு. தைவான், போலந்து என்று இரண்டு வருடம் சுற்றிவிட்டு வந்து, செங்கம் ரோட்டில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள்.

அந்த மாடிக்குத்தான் பிரசாத் மூச்சு வாங்க ஏறி வந்தான். முன்பு அவளுக்கு மேலதிகாரி. "போர்டை எழுப்பும் பூட்டிங் வேலையில் அரிச்சுவடி தெரியாதவள்" என்று முப்பது பேருக்கு மெயில் போட்டு அவளை வேலையை விட்டுத் துரத்தியவன். பல் வலிக்கும் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி, போன ஊரிலெல்லாம் அந்த மெயிலைத் திறந்து படித்திருக்கிறாள்.

"மேடம், புது சிப்புல நாலு கோர். ஒண்ணுதான் ஓடுது. கிரிவலக் கூட்டத்தை எண்ணுற கேமராவுக்கு இந்த போர்டு. நாளைக்குக் காட்டணும்."

"அப்போல்லாம் 'ஏய்'. இப்ப மேடமா?"

போர்டைத் தொடாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மின்சாரம் வந்ததும், சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் ஒன்றுதான் ஓடத் தொடங்கும். மற்ற மூன்றும் காத்துக் கிடக்கும். அவை எங்கிருந்து ஓட வேண்டும் என்ற முகவரியை முதல் கோர் எழுதி வைத்து, எழுந்திருக்கச் சொல்லிச் சைகை அனுப்பும். ஆனால் எழுதியது கேஷ் என்கிற அதன் சொந்தத் தற்காலிகச் சேமிப்பிலேயே தங்கிவிடலாம். எழுகிற கோர்கள் கேஷைப் பார்க்காது, நேரே நினைவகத்துக்குப் போகும். அங்கே கிடக்கும் பழைய குப்பையை முகவரி என்று நம்பி எங்கேயோ போய் விழும்.

சைகைக்கு முன் கேஷில் இருப்பதை நினைவகத்துக்குத் தள்ள, பிரசாத்திடம் வேலை பார்த்தபோது அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். அது இல்லாமலும் தன் மேசையில் இருந்த பழைய போர்டு ஓடுகிறதே என்று பிரசாத் அதை நீக்கினான். தப்பு என்று கூட்டத்தில் சொன்னாள். மறுநாள்தான் அந்த மெயில்.

"ஒரு வரிதான். போட்டுத் தரேன். ஆனா யார் நீக்கினது, ஏன் திரும்ப வருதுனு மாற்றக் குறிப்பை நீங்க எழுதுங்க. அதை அந்த முப்பது பேருக்கும் அனுப்புங்க."

"என் வேலை போயிடும்மா."

"எனக்குப் போச்சே."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து தட்டினான். அவள் பின்னால் நின்று படித்தாள்.

"‘கவனக்குறைவால்’னு போட்டிருக்கீங்க. நல்லா கவனமாத்தானே நீக்கினீங்க? அழிங்க."

அழித்தான். ‘சிந்துஜா சொன்னதே சரி. விஷயம் தெரியாமல் நீக்கியது நான்’ என்று எழுதி அனுப்பினான்.

அவள் வரியைச் சேர்த்து போர்டை ஓட்டினாள். நாலு கோர்களும் வரிசையாகத் திரையில் வந்தன. பிரசாத்தின் போன் அடித்தது. முதலாளி. அவன் கை போனுக்குப் போகவில்லை.

"எடுங்க," என்றாள் சிந்துஜா. "ஸ்பீக்கர்ல போடுங்க."