சீர்வரிசையில் கறுப்பு மிக்சி

மிக்சிக்கு உடம்பு வரைவதுதான் என் வேலை. உள்ளே சுற்றுகிற மோட்டார் வேறொருவர் பொறுப்பு. அதை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கூடு என் பொறுப்பு. சேதராப்பட்டுப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. போன வருஷம் எங்கள் கணினியில் புதிதாக ஒரு மென்பொருளைப் போட்டார்கள். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு பட்டை நிற்கும். நான் தேர்ந்தெடுக்கும் பொருளால் மண்ணுக்கும் காற்றுக்கும் எவ்வளவு கெடுதல் என்று அது கணக்குப் பார்க்கும். கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை.

அது வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டை இன்னும் மெல்லிசாக்கினேன். பட்டை கொஞ்சம் இறங்கியது. திருகாணிகளைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம். வீட்டில் பக்கெட்டைப் பார்த்தாலும் பற்பசை மூடியைப் பார்த்தாலும், இதற்குப் பட்டை எங்கே நிற்கும் என்றே மனசு ஓடியது. வைத்திக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி மீன் வாங்கும்போது, மீன்காரம்மா எடுத்த பிளாஸ்டிக் பையைப் பார்த்து எரிந்து விழுந்தேன். "அப்போ மீன மடியில கட்டினு போறியா?" என்றார் அவர். அந்தப் பையிலேயே மீனை வாங்கி வந்தேன்.

கடைசியில் பழைய பிளாஸ்டிக்கைப் போட்டுப் பார்த்தேன். உடைந்த டிவி, கம்ப்யூட்டர் கூடுகளை அரைத்து உருக்கி எடுப்பது. பட்டை சட்டென்று பச்சைக்கு இறங்கியது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஒரே ஒரு சங்கடம். ஊரில் உள்ள நிறமெல்லாம் கலந்து வரும் சரக்கு அழுக்குச் சாம்பலாக இருக்கும். பார்க்கிற மாதிரி இருக்க வேண்டுமானால் கறுப்பைத் தவிர வழியில்லை.

முதலாளி முதல் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. "மிக்சி யாரும்மா வாங்குறாங்க? கல்யாண வீடு. தை மாசம் சீருக்குப் போச்சுன்னா தொடர்ந்து போடலாம். போவலன்னா இதோட விட்டுடலாம்."

அந்தத் தையில்தான் என் தங்கைக்குக் கல்யாணம். யார் வீட்டில் வைக்காவிட்டாலும் எங்கள் வீட்டுச் சீரில் அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப்போனேன். பெட்டியைப் பிரித்த அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"கறுப்பா? நல்ல காரியத்துக்கா?"

"அம்மி மிதிக்கிற கல்யாணத்துல கறுப்பு ஆகாதா?"

"அது கல்லுடி."

"கல்லுன்னா மட்டும் கறுப்பு வெளுத்துடுமா?"

"எனக்கு இதுவே போதும்மா" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு. நாளைக்கு அந்த வூட்ல ஒண்ணு ஆச்சுன்னா மிக்சியையா பேசுவாங்க? என்னையத்தான் பேசுவாங்க. தாலி ஏறட்டும், அப்புறம் எத வேணா குடு."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சரக்கு எங்கிருந்து வருகிறது, லாரி எவ்வளவு தூரம் ஓடுகிறது, உடைந்தால் எந்தக் குப்பைமேட்டுக்குப் போகும் என்றெல்லாம் அந்த மென்பொருள் என்னைக் கேட்டது. இதைச் சீரில் வைப்பார்களா என்று கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனாலும் விடவில்லை, தினமும் அம்மாவை நச்சரித்தேன். ஒருநாள் சலித்துப்போய், "சரி, பாக்கலாம்" என்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, முதலாளிக்குப் பத்திரிகை வைத்தபோது, "எங்க சீர்லயே வைக்கிறோம் சார்" என்று பெருமையடித்துவிட்டும் வந்தேன்.

கல்யாணத்தன்று மண்டபத்தில் சீர் பரப்பியிருந்தார்கள். பித்தளைக் குடம், குத்துவிளக்கு, தட்டுத்தட்டாகப் பழம். நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளை மிக்சி. வேறு கம்பெனி. அம்மா எனக்குத் தெரியாமல் நேரு வீதிக்குப் போய் வாங்கியிருக்கிறாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேளம் வாசிக்கிற இடத்தில் சண்டையா போட முடியும்?

மாப்பிள்ளையின் பெரியம்மா பிரான்சிலிருந்து வந்திருந்தார். சீரைச் சுற்றிப் பார்த்தவர் மிக்சியிடம் நின்றார். "உங்க பெரிய பொண்ணு மிக்சி டிசைன் பண்ணுதாமே. இதானா?"

"இதேதாங்க. அவளே உக்காந்து வரைஞ்சது" என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. என்னைப் பற்றி அவள் யாரிடமும் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அவளை மறுக்கவும் மனசு வரவில்லை, பொறுக்கவும் முடியவில்லை.

அம்மாவுக்குப் பின்னால் மொய்க் கவரோடு முதலாளி நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. குனிந்து மிக்சியில் இருந்த பெயரைப் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. சிரித்தார்.

"ஊருக்குத்தான் உபதேசமாம்மா?" என்றார் மெதுவாக. "கறுப்ப நிறுத்திடலாம். திங்கக்கெழம வந்து வெள்ளையில ஒண்ணு வரைஞ்சு குடு."

அவருக்குச் சொல்ல எத்தனையோ வைத்திருந்தேன். அம்மா இன்னும் பெரியம்மாவிடம் என் படிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க சார்" என்றேன். "பந்தி போட்டுட்டாங்க. சாப்ட்டுட்டுத்தான் போவணும்."