பனிக்குள் ஓடிய நாய் வண்டி

எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதத்துத் திங்கட்கிழமை காலை. ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் பெரிய ரோட்டில் இது நடந்தது.

எனக்கு இரண்டு கால்களும் வராது. சின்ன வயதில் காய்ச்சல் வந்து சூம்பிவிட்டன. கைக்கட்டையைத் தரையில் ஊன்றி ஊன்றித்தான் நகர்வேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் தூரம். தூக்கிப் போக ஆள் இல்லை.

அண்ணனுக்குக் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. நடவுக்கு முன் சேற்றைச் சமன் செய்ய மாடு பூட்டிப் பரம்புப் பலகை இழுப்பார்கள். பலகை அழுந்த வேண்டும் என்று அதன்மேல் என்னை உட்கார வைப்பான். நான் வேகமாகப் போனது அங்கே மட்டும்தான். சேற்றுத் தண்ணீரில் வானம் கிடக்கும். பலகை சத்தமில்லாமல் அதன்மேல் வழுக்கும். எனக்கு முன்னால் இருக்கிற மேகம் உடைந்து, பின்னால் போய்ச் சேர்ந்துகொள்ளும். மாடு நின்றால் எனக்கு என்னவோ போல இருக்கும்.

நாய் வண்டி யோசனை அதில்தான் பிறந்தது.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. நான் நகரும்போது என் துண்டின் நுனியைக் கவ்வி முன்னால் இழுக்கும். விளையாட்டுதான். ஒரு நாள் பலகையில் உட்கார்ந்து கயிற்றைக் கொடுத்தேன். கிணறு வரை இழுத்துப் போனது. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் குட்டிகள் கருப்பனும் மணியும் வளர்ந்தபிறகு மூன்றையும் பூட்டினேன். எல்லாம் தெரு நாய்தான். கற்றுக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முதலில் கழுத்தில் கயிறு கட்டினேன். மூச்சு முட்டி இருமின. ஜட்கா குதிரைக்கு மார்பில் பட்டை போடுவதைப் பார்த்து, பழைய சைக்கிள் ட்யூபில் துணி சுற்றி மார்புப் பட்டை செய்தேன். பலகைக்குச் சக்கரமாக இரும்பு பேரிங் வைத்தேன். அது தார் ரோட்டில் கத்தியது. நாய்கள் மிரண்டன. தச்சரிடம் மரச் சக்கரம் வாங்கி, லாரி டயரை அறுத்து மேலே ஆணி அடித்தேன். சத்தம் அடங்கியது.

நாக்கைச் சொடுக்கினால் வலது பக்கம். சீழ்க்கை அடித்தால் இடது பக்கம். 'ஆங்' என்றால் நிற்க வேண்டும். அடிக்கவே இல்லை. அடித்தால் நாய் ஓடும், ஆனால் நம்மிடமிருந்து ஓடும். ஓடுவதற்கு முன் சோறு போடக் கூடாது, கக்கிவிடும். முடித்த பிறகு கஞ்சியும் கருவாட்டுத் தலையும். ராத்திரி பாதத்துக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவுவேன். மூன்றும் வரிசையில் வந்து காலை நீட்டும். வெயில் ஏறினால் ஓட்ட மாட்டேன். தார் சுடும்.

காலையில் ரோட்டில் எனக்குத் துணை பால்காரர். சைக்கிளில் கேனை மாட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி வரை போவார். முதல் நாள் என்னைப் பார்த்து சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"இன்னா தம்பி, தேர் கட்டிக்கினு கெளம்பிட்ட? வடம் புடிக்க மூணு பேரு போதுமா?"

"போதும் நைனா."

"வா பாக்கலாம், எளாவூர் பாலம் வரிக்கும்."

தினமும் பந்தயம். தினமும் அவர்தான் ஜெயிப்பார். பாலத்தில் பீடி பற்ற வைத்துக்கொண்டு, "வந்துட்டியா? நான் குளிச்சி நாஷ்டா துன்னுட்டு வந்து நிக்கறேன்" என்பார். ஒரு நாள் பாலத்துக்கு முன்பே அவரைத் தாண்டினோம். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் இறங்கி, கேன் மூடியில் பால் ஊற்றி மூன்றுக்கும் வைத்தார்.

"நாயாண்ட தோத்தேன்னு வெளிய சொல்லாத. பேஜாரா பூடும்."

"இவ்ளோ கெட்டியா கீதே நைனா?"

"தண்ணி கலக்காத பாலு. இத நாய்க்கித்தான் குடுக்க முடியும். மனுசனுக்குக் குடுத்தா கட்டுப்படியாவாது."

அந்தச் சமயத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. ஒரு பட்டறையில் போல்ட்டையும் நட்டையும் அளவு பார்த்துப் பிரித்து, எண்ணெய் தடவி அடுக்க ஆள் கேட்டார்கள். அண்ணன் என்னை சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப் போனான். மேஸ்திரி என் காலைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார்.

"குந்திக்கினு செய்யற வேலதான். கை நல்லா கீது. தெனைக்கும் எப்டி வருவ?"

"வண்டி கீது."

"இன்னா வண்டி?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "நாய் வண்டி" என்றேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. அதுவே பெரிது.

"இத பாரு. காலைல சங்கு ஊதும். ஊதி முடிக்கறதுக்குள்ள கேட்டுக்குள்ள இருக்கணும். திங்கக்கெழம வா. அன்னிக்கே லேட்டானா அப்புறம் வராத. உனக்கு ஒண்ணு மத்தவனுக்கு ஒண்ணுன்னு என்னால வெக்க முடியாது."

திரும்பும்போது அண்ணன் சொன்னான், "நாய்லாம் வோணான்டா. நானே கொண்ணாந்து உடறேன்."

"நீ மடை பாக்க வோணாமாண்ணா?"

அவன் பெடலை மிதித்தான்.

அதுவரை யாராவது ஒருவர் என்னைத் தூக்கி ஒரு இடத்தில் வைப்பார்கள். வைத்த இடத்தில் இருப்பேன். ஒரு இடத்துக்கு நானாகப் போய்ச் சேர வேண்டும். எனக்கு இருந்த ஆசை அதுதான். வேலை போனால் அதுவும் போகும் என்று தெரியும்.

திங்கட்கிழமை விடிவதற்குள் எழுந்தேன். கதவைத் திறந்தால் ஊரைக் காணோம். அப்படிப் பனி. கொட்டகை இல்லை, கிணறு இல்லை, எதிர் வீடு இல்லை. எல்லாவற்றையும் யாரோ வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டது போல இருந்தது.

பால்காரர் டைனமோ விளக்கோடு கூட வருவதாகச் சொல்லியிருந்தார். ரோட்டு முனையில் காத்திருந்தேன். வரவில்லை. அவர் வீட்டுப் பசு கன்று ஈனும் நேரம் என்பது பிறகு தெரிந்தது. காத்திருந்ததில் நேரம் போய்விட்டது. "போடி செவல" என்றேன்.

மூன்று பேரும் ஓட ஆரம்பித்தார்கள்.

கொஞ்ச தூரத்தில் எனக்கு நாய்கள் தெரியவில்லை. என் கையிலிருந்து கயிறு கிளம்பும். ஒரு முழம் தெரியும். அப்புறம் பனிக்குள் போய்விடும். கயிறு மட்டும் இழுபடும். யார் இழுக்கிறார்கள் என்று தெரியாது. ரோடும் தெரியவில்லை. புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து, என்னைப் பார்த்துவிட்டுக் கரைந்து போயின. சக்கரத்தின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. பரம்புப் பலகையில் வானத்தின்மேல் போனேனே, அதேதான். இந்தத் தடவை மேகம் கீழே இல்லை, சுற்றிலும் இருந்தது. வேலை, சங்கு எல்லாம் மறந்துவிட்டது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் போதும் என்று தோன்றியது.

திடீரென்று பனி மஞ்சளாக மாறியது.

பின்னால் லாரி. இஞ்சின் சத்தம் முதுகிலேயே கேட்டது. நான் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இன்னும் ஓரம் கட்டினேன். கையைத் தூக்கி, 'போ' என்று காட்டினேன். போகவில்லை. பின்னாலேயே வந்தது.

மெதுவாகப் போனேன். அதுவும் மெதுவாக வந்தது. வேகம் கூட்டினேன். அதுவும் கூட்டியது.

லாரிக்காரன் குடித்திருக்கிறானா? விளையாட்டுக் காட்டுகிறானா? தரையோடு தரையாகப் போகிறவன் நான். அவன் கால் கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. அதற்கும் பின்னாலிருந்து வேறு ஹாரன்கள் கேட்டன. ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு பல. எல்லோரும் சேர்ந்து என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தது. ரோட்டை விட்டு இறங்கிவிடலாம். இறங்கினால் சேறு. ஏற முடியாது. சங்கு ஊதிவிடும்.

"ஓடு செவல, ஓடு" என்று கத்தினேன். அவர்கள் அதற்கு முன் அப்படி ஓடியதில்லை. என் முன்னால் என் நிழலே பனியின்மேல் பெரிதாக விழுந்து ஆடிக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு நான். என்னைத் துரத்திக்கொண்டு வெளிச்சம்.

எளாவூர் தாண்டியதும் கயிறு தளர்ந்தது. செவலை நின்றுவிட்டது. நான் 'ஆங்' சொல்லவே இல்லை. கைக்கட்டையைத் தரையில் அழுத்தி வண்டியை நிறுத்தினேன். மணியின் முதுகில் போய் இடித்தேன். பின்னால் லாரி பிரேக் போட்ட சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண்ணைத் திறந்தேன். செவலையின் மூக்குக்கு நேரே ஒரு பெரிய இரும்பு. பழுதாகி நின்ற லாரியின் பின்பக்கம். விளக்கு இல்லை, ஆள் இல்லை, அடையாளத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. இன்னும் நாலடி போயிருந்தால் நாங்கள் அதன் அடியில்.

அப்போதுதான் பின்னாலிருந்து பேச்சு கேட்டது. பனிக்குள் குரல்கள் மட்டும்.

"யோவ், எவன்யா அவன்? பொணத்துக்குப் பின்னால போற மாதிரி போற! வழி உடுய்யா, லோடு எறக்கணும்!"

அதற்கு எனக்குப் பின்னால் நின்ற லாரியிலிருந்து பதில். தெலுங்கு கலந்த குரல்.

"முன்னாடி ஒரு ஆளு போறாரு நைனா. கீழ குந்திக்கினு போறாரு. மூணு நாயி இழுக்குது."

"நாயா? காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?"

"எறங்கி வந்து பாரு. நான் வழி உட்டா நீ அவர பாக்க மாட்ட. ஏத்திக்கினு பூடுவ. அவரு எங்க போறாரோ அங்க போயி சேர்ற வரிக்கும் நான் இப்டித்தான் போவேன். யாரும் தாண்டக் கூடாது."

யாரும் இறங்கி வரவில்லை. அதற்கப்புறம் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு விளக்குகள்தான் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. கையைத் தூக்கினேன். லாரி கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி, பழுதான வண்டியைச் சுற்றிப் போகும் வழிக்கு வெளிச்சம் போட்டது. நாக்கைச் சொடுக்கினேன். செவலை வளைந்து போனாள்.

பிறகு நான் பயப்படவில்லை. நாய்களையும் விரட்டவில்லை. அவர்கள் ஓட்டத்துக்கே விட்டேன். பனி மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. பின்னால் இஞ்சின் தாலாட்டு மாதிரி கேட்டது. இருபுறமும் வயல் இருந்திருக்கும், ஊர் இருந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வண்டிகள் பின்னால் சத்தமில்லாமல் வர, முன்னால் மூன்று தெரு நாய்கள் இழுத்துக்கொண்டு போகின்றன. நிஜமா என்று கையைக் கிள்ளிப் பார்க்கவில்லை. கனவாக இருந்தால் கலைந்துவிடும்.

கம்பெனி ரோட்டுக்குச் சீழ்க்கை அடித்துத் திரும்பினேன். லாரி திரும்பவில்லை. நேரே போனது. இரண்டு தடவை சின்னதாக ஹாரன் அடித்தது. அதற்கப்புறம் வெளிச்சம் வரிசையாகப் பனிக்குள் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

கேட்டை நெருங்கும்போது சங்கு ஆரம்பித்துவிட்டது. சங்கு அடங்குவதற்குள் என் சக்கரம் உள்ளே இருந்தது. பயத்தில் ஓட்டிய ஓட்டம்தான் என்னை நேரத்துக்குக் கொண்டு சேர்த்தது.

காவல்காரர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாய்யா, உன் பின்னால ஒரு திருவிழாவே போவுது? எண்ணிப் பாத்தேன், முடியல உட்டுட்டேன்" என்றார்.

மேஸ்திரி வந்தார். நாக்கு தொங்க நின்ற நாய்களைப் பார்த்தார். ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

"இதுங்கள அந்தப் புங்க மரத்தாண்ட கட்டு. நாளைக்கும் இதே நேரம்."

பால்காரர் மறுநாள் சீம்பால் கொண்டுவந்து கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. ஆனால் சாயங்காலம் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டு கொண்டுவந்து என் பலகையின் பின்னால் அவரே பொருத்தினார்.

செவலை அதற்கப்புறம் நாலைந்து வருஷம் ஓடினாள். அவளுக்குப் பிறகு அவள் வம்சம் ஓடியது. பிறகு மூன்று சக்கர சைக்கிள் வந்தது. அந்தப் பட்டறையிலேயே எனக்குத் தலை நரைத்தது.

அந்த டிரைவரைத் தேடினேன். ரோட்டோர டீக்கடைகளில் லாரி டிரைவர்களிடம் கேட்பேன். நம்பர் தெரியாது, முகம் தெரியாது, பேர் தெரியாது. என்னவென்று தேடுவார்கள்? "யாரோ எங்காளுதான்" என்பார்கள். அதனால் எந்த லாரி டிரைவரைப் பார்த்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிடுவேன். அவராகவும் இருக்கலாம்.

அவர் என்னைத் தூக்கி வைக்கவில்லை, ஏற்றிக்கொள்ளவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நான் போகிற வழியில் நானே போக விட்டு, பின்னால் வந்தார். இன்றைக்கும் இருட்டில் முதுகின்மேல் லாரி வெளிச்சம் விழுந்தால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை, யாரோ துணைக்கு வருகிறார்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறேன்.