கோணேசருக்கு உடைத்த தேங்காய்

நான் கிளிவெட்டியில் வயலும் வரம்புமாக வளர்ந்தவள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே கரைக்கு ஓடிவிடுவேன். வாழ்க்கைப்பட்டதோ கடற்காரனுக்கு. அதுவும் சண்டைக் காலத்தில், இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு பாய் கட்டிய வள்ளத்தில் இந்தியாவுக்குப் போக வேண்டி வரும் என்று எந்தச் சாத்திரியும் எனக்குச் சொல்லவில்லை.

எஞ்சினுக்கு எண்ணெய் கிடையாது. கிடைத்தாலும் அந்தச் சத்தத்துக்கு நேவியின் ரோந்துப் படகு வந்துவிடும். அதனால்தான் பாய். வெருகல் பக்கத்தில் புறப்பட்டு, ஒதுங்கி ஒதுங்கி வடக்கே போவது. புறாமலை, முல்லைத்தீவு, பிறகு யாழ்ப்பாணத்துத் தீவுகள் ஒவ்வொன்றாக, கடைசியில் இராமேஸ்வரம். அவர் இதைச் சொன்ன விதத்தில், ஏதோ சந்தைக்குப் போய்விட்டு வருவது போல இருந்தது.

பிடித்தால் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டுவிடுவார்கள், ஆம்பிளையை இறக்கிக்கொண்டு போவார்கள். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு. எனக்குக் கடல் பயம் ஒரு பங்கு என்றால் அந்தப் பயம் ஒன்பது பங்கு. தூரத்தில் ஒரு கொக்கு பறந்தாலும் படகோ என்று பார்ப்பேன்.

பயந்தாலும் சோறு ஆக்கத்தானே வேண்டும். மண் போட்ட தகரப் பெட்டிக்குள் அடுப்பை வைத்து, வள்ளம் ஆடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நானும் ஆடி ஆடி உலை வைத்தேன். பாய்மரத்தில் என் சேலையைக் கட்டி ஏணையாக்கிக் கைக்குழந்தையைப் போட்டால், மகராசன், ஊரில் தூங்காதவன் அங்கே தூங்கினான். மூத்தவள் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தே ஓய்ந்துபோனாள். ஒரு சின்னத் தீவில் ஒதுங்கியபோது அவள் சிப்பி பொறுக்கிக்கொண்டு பலமாகச் சிரித்தாள். ஓடிப்போய் வாயைப் பொத்தினேன். ஏழு வயதுப் பிள்ளை சிரிப்பதற்குக்கூடப் பயப்பட்ட சீவியம் அது.

திருகோணமலையைத் தாண்டும் நாள் விடியும்போது, நல்ல எட்டத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம். கோணேசர் கோயில் இருக்கும் மலை கறுப்பாகத் தெரிந்தது. அவர் சுக்கானைத் திருப்பினார். வள்ளத்தின் முகம் மலைப் பக்கம் போனது.

"இஞ்சருங்கோ, எங்க போறியள்?"

"கிட்டப் போய் ஒரு தேங்காய் உடைச்சிட்டு வருவம்."

"உங்களுக்கென்ன விசரே? அந்தப் பக்கந்தானே அவங்கட துறைமுகம்! எட்ட நிண்டு கும்பிட்டால் கடவுளுக்குக் கேளாதோ?"

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் தேங்காய் உடைக்காமல் கோணேசரைக் கடந்ததில்லை. இவ்வளவு தூரம் போறம், அவரிட்டச் சொல்லாமல் போகேலாது."

கடற்காரரின் பிடிவாதத்தை வயற்காரி என்ன செய்ய? அவர் தேங்காயை வள்ளத்தின் முன் கொம்பில் அடித்து உடைத்தார். ஒரு பாதியைக் கடலில் விட்டார், மற்றதை வள்ளத்தில் வைத்தார். கும்பிட்ட கையை இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் பாய் தொய்ந்தது. அதுவரை தரையிலிருந்து வீசிக்கொண்டிருந்த கச்சான் காற்றை அந்த மலை மறைத்துவிட்டது. துடுப்பைப் போட்டார். பாரமான வள்ளம், ஒற்றை ஆள், அசைந்தால்தானே! அவருடைய முகம் வெளிறியதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

ரோந்துப் படகு மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"எங்க போறது?" ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்தது.

"திரியாய்க்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு," என்றார் இவர். அவன் எங்கள் வள்ளத்துக்குள் இறங்கி, பானை, சட்டி, பாய், தலையணை எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு யார் அம்மிக்குழவியோடு போவார்கள்? அதை அவர் ஏற்றவில்லை, நான்தான் விட்டுவர மாட்டேன் என்று நின்று ஏற்றினேன். பிறகு தேங்காய்ப் பாதியைக் கண்டான். குனிந்து எடுத்தான். மலையைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என்ரை கோணேசரே, கண் திறந்துவிட்டாயே என்று என் உடம்பெல்லாம் புல்லரித்தது.

தேங்காயைப் பத்திரமாகத் தன் படகில் வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, "நீ வா. விசாரிச்சு விடுறது," என்றான்.

நான் அவன் காலில் விழுந்தேன். குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று நினைவில்லை. அவரை ஏற்றிவிட்டார்கள். அவர் திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கத்தியது மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"அழாதை! கேள்! வெயில் ஏறக் கடற்காத்து வரும், அது உன்னைக் கரைக்குத் தள்ளும். பாயைத் தொடாதை. சுக்கானை நேராப் பிடி. நேரா!"

எஞ்சின் சத்தத்தில் மிச்சம் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. அவர் சொன்னபடியே காற்று வந்தது, பாய் நிரம்பியது. சுக்கானை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மூத்தவள் துறைமுகப் பக்கம் கையைக் காட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அம்மா, அப்பா அங்காலை! அங்கால திருப்புங்கோ அம்மா!"

"நேராப் பிடிக்கத்தான் சொன்னவர் பிள்ளை," என்றேன். கரை கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது.